தம்பியை இழந்தவள் தற்கொலைத் தடுப்பில் ஆய்வு செய்யலாமா?

கேள்வி: திண்டுக்கல் மாவட்டத்தைச் சேர்ந்தவள் நான். வயது 26. சமூகப்பணியில் முதுகலை முடித்துவிட்டு, மூன்று ஆண்டுகளாக ஒரு தொண்டு நிறுவனத்தில் சுகாதாரக் கல்வியாளராக வேலை பார்க்கிறேன். பள்ளிகளுக்குப் போய் வளரிளம் பருவத்துப் பிள்ளைகளுக்கு வகுப்பெடுப்பது என் வேலை. நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது என் தம்பி தற்கொலையால் இறந்துபோனான். அன்றிலிருந்து இந்தத் துறையில்தான் ஏதாவது செய்ய வேண்டும் என்று மனதில் இருக்கிறது. மாணவர்களிடையே தற்கொலைத் தடுப்பு விழிப்புணர்வு ஏற்படுத்துவது பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்ய ஆசை. நான் டாக்டர் இல்லை, உளவியலும் படித்ததில்லை. இதில் நுழைய முடியுமா? பிழைப்புக்கு வழி உண்டா? "சாவைப் பற்றியே படித்துக்கொண்டிருந்தால் உன்னை யார் கட்டிக்கொள்வார்கள்?" என்று அம்மா அழுகிறார். தம்பியைப் பறிகொடுத்த நான் இந்த ஆய்வில் இறங்குவது சரியா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உங்கள் கடிதம் நான்கு பக்கம். இங்கே சுருக்கித்தான் அச்சிட்டிருக்கிறோம். முழுக் கடிதத்தில் 'விழிப்புணர்வு' என்ற சொல் பதினோரு இடங்களில் வருகிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள், எண்ணிப் பார்த்தேன். இருபது ஆண்டுகளுக்கு மேல் பொதுச் சுகாதார ஆய்வில் இருந்தவர்களுக்கு எதைக் கண்டாலும் எண்ணிப் பார்க்கும் பழக்கம் ஒட்டிக்கொள்கிறது.

நுழைய முடியுமா என்ற கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். முடியும், அதற்கு டாக்டராக இருக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பதினோரு சொற்களையும் வாசலில் வைத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும்.

ஆண்டுதோறும் செப்டம்பர் 10 உலகத் தற்கொலைத் தடுப்பு நாள். நம் கல்லூரிகளில் அன்று என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். பேரணி, உறுதிமொழி, கோலப்போட்டி, சிறப்புரை, டீ, வடை. மறுநாள் அந்தப் பிள்ளைகளிடம் என்ன மாறியிருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. அதைக் கேட்கப் போகிறவர்தான் ஆய்வாளர். கேட்டவர்களுக்குக் கிடைத்த பதில்கள் பல நேரம் நமக்குப் பிடித்தமானவையாக இல்லை.

பீகாரின் நாளந்தா மாவட்டத்தில் 74 அரசுப் பள்ளிகளில் நடந்த ஓர் ஆய்வு 2018இல் வெளியானது. பிள்ளைகளின் மனநலம், சண்டை சச்சரவு, பள்ளிச் சூழல் ஆகியவற்றைச் சீராக்க ஒரு திட்டம் வகுத்தார்கள். சில பள்ளிகளில் அதை ஆசிரியர்கள் நடத்தினார்கள். வேறு சிலவற்றில், உளவியல் பட்டம் இல்லாத, இதற்கென்றே பயிற்சி கொடுத்து அமர்த்தப்பட்ட ஆலோசகர்கள் நடத்தினார்கள். திட்டம் ஒன்றுதான். ஆலோசகர்கள் நடத்திய பள்ளிகளில் மனச்சோர்வும் சக மாணவர்களைச் சீண்டுவதும் வன்முறையும் நன்றாகவே குறைந்தன. ஆசிரியர்கள் நடத்திய பள்ளிகளில் குறிப்பிடும்படி ஒன்றும் நடக்கவில்லை. ஆசிரியர்களை நான் குறை சொல்லவில்லை. மதிப்பெண் போடுகிறவரிடமே போய் மனதைத் திறப்பது பிள்ளைகளுக்கு எளிதா? அதே ஆசிரியருக்குப் பாடத்திட்டத்தை முடிக்கும் அவசரமும் இருக்கிறது.

ஐரோப்பாவிலும் இதே மாதிரி ஒரு பெரிய ஆய்வு நடந்தது. பத்து நாடுகள், 168 பள்ளிகள், 11,110 மாணவர்கள். ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். கேள்வித்தாள் வைத்து, ஆபத்தில் இருக்கும் பிள்ளைகளைச் சலித்தெடுத்தும் பார்த்தார்கள். மாணவர்கள் தாங்களே நடித்துப் பார்த்து, விவாதித்துக் கற்கும் திட்டம் ஒன்றையும் சோதித்தார்கள். ஓராண்டுக்குப் பிறகு, அந்த மூன்றாவது திட்டம் நடந்த பள்ளிகளில்தான் தற்கொலை முயற்சிகள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தன. 2015இல் அதன் முடிவு வெளியானது.

இப்போது உங்கள் தலைப்பைத் திரும்பப் படித்துப் பாருங்கள். 'விழிப்புணர்வு ஏற்படுத்துதல்' என்பதற்குள் யார் சொல்கிறார், எத்தனை முறை சொல்கிறார், சொன்ன பிறகு பிள்ளை எங்கே போய் நிற்கிறது என்று மூன்று கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. சுகாதாரக் கல்வி ஆய்வு என்பது இந்த மூன்றும்தான். உளவியல் படித்தவரைவிட, மூன்று ஆண்டு கரும்பலகை முன்னால் நின்ற உங்களுக்கு இவற்றைக் கேட்கத் தகுதி அதிகம்.

நமக்குப் பிடித்த யோசனையே தோற்றுப்போகும் என்பதற்கும் ஒரு கதை சொல்கிறேன். கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதிக் கிராமங்களில், தற்கொலைத் தடுப்புக்காகச் செயல்படும் சென்னை சிநேகா அமைப்பின் நிறுவனர் டாக்டர் லட்சுமி விஜயகுமாரும் குழுவினரும் பூச்சிமருந்துக்கு ஒரு பொது வைப்பகம் கட்டிப் பார்த்தார்கள். வங்கி லாக்கர் மாதிரி ஆளுக்கொரு பெட்டி, சாவியோடு. வீட்டில் மருந்து கைக்கெட்டும் இடத்தில் இல்லாவிட்டால், ஆத்திரத்தில் எடுக்கும் முடிவு அந்த நேரத்தைத் தாண்டிவிடும் என்ற எண்ணம். விவசாயிகள் ஏற்றுக்கொண்டார்கள், முடிவும் நம்பிக்கை தந்தது. ஆனால் சில கிராமங்களில் கிடைத்ததை வைத்துக்கொண்டு ஊருக்கெல்லாம் சட்டம் போட முடியாது. இலங்கையில் அனுராதபுரம் மாவட்டத்தில் 180 கிராமங்களில், ஐம்பத்து மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளை உள்ளடக்கி, பூட்டுப் பெட்டி கொடுத்த கிராமங்களையும் கொடுக்காத கிராமங்களையும் ஒப்பிட்டார்கள். அங்கே கொடுத்தது வீட்டிலேயே வைத்துக்கொள்ளும் பெட்டி. பலன் இருப்பதாகத் தெரியவில்லை என்று 2017இல் வெளியிட்டார்கள். பல ஆண்டு உழைப்பு, கோடிக்கணக்கில் செலவு, கடைசியில் 'பலன் தெரியவில்லை' என்று ஒரு வரி. அந்த வரியை மறைக்காமல் எழுதியவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுவேன்.

அதே இலங்கையில் பலன் தந்தது வேறொன்று. 1995இல் அங்கே லட்சம் பேருக்குச் சுமார் 47 பேர் தற்கொலையால் இறந்துகொண்டிருந்தார்கள். அதிக நச்சுள்ள பூச்சிமருந்துகளை 1984இலிருந்து படிப்படியாகத் தடை செய்துகொண்டே வந்தார்கள். இருபது ஆண்டுகளில் விகிதம் ஏறத்தாழ 70 சதவீதம் சரிந்தது. பேரணி நடத்தியவர்களைவிட அரசிதழில் அரைப்பக்கம் அச்சடித்தவர்கள் அதிக உயிர்களைக் காப்பாற்றினார்கள். சுகாதாரக் கல்வியில் இருக்கும் நமக்கு இதைப் படிக்கும்போது கொஞ்சம் சுருக்கென்று இருக்கும். இருக்கட்டும்.

உங்கள் ஆய்வுக்கு இன்னொரு கணக்கும் தேவை. 2022இல் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலையால் இறந்தார்கள், லட்சத்துக்கு 12.4. நாடு நடுங்க வேண்டிய எண். ஆனால் ஆயிரம் பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளியில் இதே விகிதத்தைப் போட்டுப் பார்த்தால் எண்பது ஆண்டுக்கு ஒரு மரணம். மூன்று ஆண்டு ஆய்வில், நான்கு பள்ளிகளை வைத்துக்கொண்டு, 'என் திட்டத்தால் மரணம் குறைந்தது' என்று நீங்கள் நிரூபிக்கவே முடியாது. அனுராதபுரத்தில் 180 கிராமங்கள் தேவைப்பட்டதும் இதனால்தான். எனவே அளக்கக்கூடிய ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மனம் உடைந்த பிள்ளை யாரிடமாவது போய்ப் பேசியதா? தோழி சொன்ன ரகசியத்தைப் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனதா? இந்தக் கணக்கைப் போடாமல் எழுதிய ஆய்வுத் திட்டங்கள் என் மேசைக்கு நிறைய வருகின்றன. படிக்கும்போதே மனசு வலிக்கும்.

அடுத்து, சொற்கள். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லப்போகிறேன், ஏனென்றால் வெளிநாட்டுப் பாடநூல்களில் இது கிடைக்காது. எங்கள் குழு முதன்முதலில் கிராமத்துக்கு எடுத்துப்போன கேள்வித்தாள் ஆங்கிலத்திலிருந்து பெயர்க்கப்பட்டது. அதில் ஒரு கேள்வி: 'கடந்த ஓராண்டில் வீட்டில் யாராவது மருந்து எடுத்துக்கொண்டார்களா?' ஒரு பாட்டி உள்ளே போய், சர்க்கரை மாத்திரை இருந்த பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்து திண்ணையில் கொட்டி, "இது காலையில், இது ராத்திரி" என்று அடுக்கிக் காட்டினார். அடுத்த வீட்டில் அதே கேள்வியைக் கேட்டதும், முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மாளின் கை நின்றுவிட்டது. எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நம் ஊரில் காய்ச்சலுக்குச் சாப்பிடுவதும் மருந்து, வயலுக்கு அடிப்பதும் மருந்து. அந்த வீட்டில் அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்தான் இருந்தது. சாத்திய கதவின் முன்னால் நின்றபடி நான் கற்றுக்கொண்டதை எந்தப் பயிற்சி வகுப்பும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

'வாழ்வதில் அர்த்தமில்லை என்று உணர்ந்தீர்களா?' என்று நம் ஊரில் யாரும் பேசுவதில்லை. 'இருந்து என்ன பிரயோசனம்', 'எங்கேயாவது கண்காணாமல் போய்விடலாம் போலிருக்கிறது', 'சாமி என்னைக் கொண்டுபோக மாட்டேன் என்கிறது' என்றுதான் பேசுவார்கள். இவற்றில் எது வெறும் சலிப்பு, எது ஆபத்து என்று பிரித்தறிவதே ஒரு முழு ஆய்வேட்டுக்குப் போதும். இதைத் தமிழ் காதில் விழுந்து வளர்ந்தவர்கள்தான் செய்ய முடியும்.

பதிவேடுகளையும் அப்படியே நம்பாதீர்கள். 'தீராத வயிற்றுவலியால்' என்ற வரியைப் பத்திரிகைச் செய்திகளில் எத்தனை முறை படித்திருப்பீர்கள்? தமிழ்நாட்டு இளம்பெண்களுக்கு மட்டும் இத்தனை வயிற்றுவலி எங்கிருந்து வந்தது? காவல் நிலையம், மானம், சொந்தக்காரர்கள், எல்லோருக்கும் வசதியான காரணம் அது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆவது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. ஆனாலும் ஆஸ்பத்திரி வாசலில் 'தவறுதலாகக் குடித்துவிட்டாள்' என்று சொல்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

பதிவேட்டை விட்டுவிட்டு வீட்டுக்குப் போனால் என்ன தெரியும் என்பதற்கு வேலூர் மாவட்டம் கணியம்பாடி ஒன்றியம் சாட்சி. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக் குழுவினர் அங்கே 1994 முதல் 1999 வரை, ஒவ்வொரு மரணத்தையும் வீட்டாரிடமும் அக்கம்பக்கத்திலும் விசாரித்துப் பதிந்தார்கள். தற்கொலை விகிதம் லட்சத்துக்கு 95 என்று வந்தது. அப்போது அரசுக் கணக்கில் தேசிய விகிதம் பத்து, பதினொன்று. அந்தக் கணக்கு கிராமத்துச் சுகாதாரப் பணியாளர்கள் தெருத்தெருவாக நடந்து எடுத்தது. 'நான் டாக்டர் இல்லையே' என்று எழுதியிருந்தீர்களே, அதற்காகத்தான் சொல்கிறேன்.

சரி, பிழைப்பு. இந்தியப் பல்கலைக்கழகங்களில் 'தற்கொலைத் தடுப்புத் துறை' என்று பெயர்ப்பலகை தேடி அலையாதீர்கள். சமூகப்பணி, உளவியல், மனநல மருத்துவம், சமுதாய மருத்துவம், புள்ளியியல் என்று பல வாசல்கள் வழியாக வந்தவர்கள்தான் இந்த வேலையைச் செய்கிறார்கள். உங்கள் வாசல் சமூகப்பணி, அதை மாற்ற வேண்டாம். பெங்களூரு நிம்ஹான்ஸ் தேசிய மனநல நிறுவனத்தில் மனநலச் சமூகப்பணியில் முனைவர் பட்டம் செய்யலாம். ஆய்வு முறையில் அடித்தளம் போதாது என்று தோன்றினால், திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனத்தின் அச்சுத மேனன் மையத்தில் பொதுச் சுகாதார முதுநிலைப் படிப்பு இருக்கிறது. உங்கள் மாவட்டத்திலேயே காந்திகிராமத்தின் ஊரகச் சுகாதார நிறுவனம் பல பத்தாண்டுகளாகச் சுகாதாரக் கல்வியாளர்களைப் பயிற்றுவித்து வருகிறது. பக்கத்தில் இருப்பதாலேயே நீங்கள் அங்கே போயிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன், ஒரு நாள் போய்ப் பாருங்கள். புணேயில் மனநலச் சட்டம், கொள்கை பற்றி ஆராயும் மையமும், கோவாவில் மனநல ஆய்வு செய்யும் சங்காத் அமைப்பும் திட்டப் பணிக்கு ஆள் எடுப்பதுண்டு.

யு.ஜி.சி. நெட் எழுதி இளநிலை ஆய்வு உதவித்தொகை பெற்றுவிட்டால் மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. அது இல்லாமல் முனைவர் பட்டத்தில் இறங்காதீர்கள் என்று கண்டிப்பாகவே சொல்வேன். அப்பா காசில் ஐந்து ஆண்டு ஆய்வு செய்து பாதியில் விட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். திட்டப் பணிகள் ஒப்பந்த வேலைகள், நிதி தீர்ந்தால் வேலையும் தீர்ந்தது. நிரந்தர உதவிப் பேராசிரியர் பணியிடங்கள் எவ்வளவு குறைவு என்று உங்கள் கல்லூரி ஆசிரியர்களே சொல்லியிருப்பார்கள். இந்தத் துறையில் யாரும் பணக்காரர் ஆனதில்லை, பட்டினியும் கிடந்ததில்லை. புள்ளியியல் உண்மையிலேயே தெரிந்த சமூகப்பணியாளர் ஆயிரத்தில் ஒருவர் என்பதால், அதை மட்டும் கற்றுவிட்டால் வேலை உங்களைத் தேடி வரும். பணம் கட்டினால் பத்து நாளில் கட்டுரை போடும் இதழ்கள் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள்.

நெறியாளரைத் தேர்ந்தெடுக்கும்போது அவர் எத்தனை கட்டுரை எழுதினார் என்று பார்ப்பதற்கு முன், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நேர்காணலில் ஒரு மாணவி, எனக்கும் அந்த எண்ணம் இருக்கிறது என்று சொன்னால் அன்று மாலைக்குள் நான் என்ன செய்ய வேண்டும்?" உடனே பதில் வர வேண்டும். யாரைக் கூப்பிடுவது, பெற்றோருக்கு எப்போது சொல்வது, எந்த மருத்துவரிடம் அனுப்புவது, எல்லாம் எழுத்தில் இல்லாவிட்டால் நெறிமுறைக் குழு உங்கள் திட்டத்தைத் திருப்பி அனுப்பும், அனுப்பவும் வேண்டும். அரசின் மனநல உதவி எண் டெலி மனஸ் 14416, சிநேகா 044-24640050 ஆகிய எண்கள் ஒவ்வொரு கேள்வித்தாளின் கடைசிப் பக்கத்திலும் இருக்க வேண்டும். முதன்மைக் கல்வி அலுவலரின் கடிதத்தோடு போனாலும், "இல்லாததைக் கிளப்பிவிடாதீர்கள்" என்று சொல்லும் ஒரு தலைமையாசிரியரையாவது சந்திப்பீர்கள். தற்கொலை எண்ணம் பற்றி அக்கறையோடு நேரடியாகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வாதாடாமல், பொறுமையாக அதை அவருக்குச் சொல்லுங்கள். அவரும் பயந்துபோய்த்தான் பேசுகிறார்.

இனி உங்கள் தம்பி.

அவனை இழந்ததால் இந்த ஆய்வைச் செய்யக் கூடாது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அவனை இழந்ததாலேயே இது கைகூடிவிடும் என்று நீங்களும் நினைக்காதீர்கள். எனக்கு உங்களைப் பற்றி ஒரே ஒரு பயம். பிள்ளையைப் பறிகொடுத்த குடும்பங்களிடம் போய்ப் பேசும் ஆய்வு வகை ஒன்று இருக்கிறது. ஏதோ ஒரு வீட்டில், ஏழாவதோ எட்டாவதோ நேர்காணலில், ஓர் அக்கா பேசுவாள். முந்தின நாள் அவன் போன் செய்தான், நான் வேலையாக இருந்தேன் என்பாள். அப்போது நீங்கள் குறிப்பெடுக்க வேண்டும். உங்களால் முடியாது என்று சொல்லவில்லை. முனைவர் பட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் அந்த நாற்காலியில் போய் உட்காராதீர்கள் என்கிறேன். பள்ளிக்கூடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நடந்ததை நெறியாளரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஆய்வைப் பற்றி இல்லாமல் உங்களைப் பற்றி மட்டும் பேச, குடும்பத்துக்கு வெளியே ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன இரண்டு எண்களும் உங்களுக்கும் சேர்த்துத்தான்.

அம்மா கல்யாணத்தை நினைத்து மட்டும் அழுகிறார் என்று எனக்குத் தோன்றவில்லை. உங்கள் ஆய்வு வீட்டுக்குள் வந்தால் அந்தப் பேச்சும் தினமும் வரும், மகன் பெயர் தினமும் வரும் என்று நினைக்கிறார். வந்தால் தாங்க முடியுமா என்ற பயம். அவரிடம் தலைப்பைச் சொல்லாதீர்கள், வேலையைச் சொல்லுங்கள். "பள்ளிக்கூடத்துக்குப் போகிறேன், பிள்ளைகள் யாரிடம் மனம்விட்டுப் பேசுகின்றன என்று கேட்கிறேன்" என்று சொல்லுங்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை. பெண் கேட்டு வருகிறவர் ஆய்வேட்டின் தலைப்பைப் பார்த்து ஓடினால் ஓடட்டும், பஸ் செலவோடு போகும்.

சென்னை உட்பட ஐந்து ஊர்களில் உலகச் சுகாதார நிறுவனம் நடத்திய ஓர் ஆய்வை உங்களுக்காகவே கடைசிக்கு வைத்திருந்தேன். தற்கொலைக்கு முயன்று ஆஸ்பத்திரிக்கு வந்த 1,867 பேர். பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. மீதிப் பேருக்கு அதோடு ஒரு மணி நேரப் பேச்சும், பதினெட்டு மாதங்களில் ஒன்பது முறை போனிலோ நேரிலோ 'எப்படி இருக்கிறீர்கள்' என்ற விசாரிப்பும். முதல் தரப்பில் 2.2 சதவீதம் பேர் பின்னர் தற்கொலையால் இறந்தார்கள், இரண்டாம் தரப்பில் 0.2 சதவீதம். புதிய மாத்திரை எதுவும் இல்லை. திரும்பப் போய் விசாரித்தார்கள்.

நீங்களும் அதிலிருந்தே தொடங்குங்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன் முதன்முதலாக வகுப்பெடுத்தீர்களே, அந்தப் பள்ளிக்கு இந்த மாதம் ஒருமுறை திரும்பிப் போங்கள். அன்று ஒன்பதாம் வகுப்பில் இருந்த பிள்ளைகள் இப்போது பன்னிரண்டில் இருப்பார்கள். தற்கொலை என்ற பேச்சே எடுக்க வேண்டாம். நீங்கள் நடத்திய வகுப்பில் என்ன நினைவிருக்கிறது என்று மட்டும் பத்துப் பேரிடம் கேளுங்கள். அவர்கள் சொன்னதை அவர்கள் சொன்ன சொற்களிலேயே இரண்டு பக்கம் எழுதி எனக்கு அனுப்புங்கள். ஒன்றுமே நினைவில்லை என்றார்களா, அதையும் எழுதுங்கள். அதை வைத்துக்கொண்டு நாம் உங்கள் தலைப்பைப் பேசலாம்.